விசில் உறைந்த இறுதிப் போட்டி
16 வினாடி பாக்கி: சமன் செய்வதா, வெல்வதா?

மழை பெய்தால் ஆட்டத்தை நிறுத்துவார்கள். இருட்டினாலும் நிறுத்துவார்கள். ஆனால், நடுவரின் உதட்டில் விசில் ஒட்டிக்கொள்ளும் குளிரிலும் நிற்காமல் நடந்த இறுதிப் போட்டி ஒன்று உண்டு. அமெரிக்கர்கள் அதை "ஐஸ் பவுல்" என்று அழைக்கிறார்கள். பனிக்கிண்ணம் என்று பொருள்.

1967-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி, விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள கிரீன் பே நகரில் அது நடந்தது. அமெரிக்கக் கால்பந்து தேசிய லீக்கின் சாம்பியன் பட்டத்துக்காக உள்ளூர் பேக்கர்ஸ் அணியும், டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியும் மோதின.

முட்டை வடிவப் பந்து

இது நாம் அறிந்த கால்பந்து அல்ல. பக்கத்துக்கு 11 பேர். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், எறியலாம். பந்து வைத்திருப்பவரை, கபடியில் அமுக்குவதுபோல எதிரணியினர் அமுக்குவார்கள். 4 முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேறினால் மேலும் 4 முயற்சி கிடைக்கும்.

எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் 6 புள்ளி. பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மேலும் ஒன்று. எல்லையைத் தாண்ட முடியாது என்று தோன்றினால், கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுக்கலாம். அந்த 3 புள்ளிதான் அன்று கடைசியில் பெரிய கேள்வியாயிற்று.

மைனஸ் 25 டிகிரி

ஆட்டம் தொடங்கியபோது குளிர் மைனஸ் 25 டிகிரி சென்டிகிரேடு. வீட்டுப் பிரிட்ஜில் ஐஸ் உறையும் பெட்டிகூட அவ்வளவு குளிராக இராது. அப்படியும் 50 ஆயிரம் பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

புல் உறையாமல் இருக்க மண்ணுக்கு அடியில் மின்கம்பிகளைப் பதித்திருந்தார்கள். அதற்கு 80 ஆயிரம் டாலர் செலவு. அன்று அது பயன்படவில்லை. மைதானத்தை மூடியிருந்த தார்ப்பாயை அகற்றியதும், அடியில் தங்கியிருந்த ஈரம் உறைந்து கண்ணாடிபோல் ஆகிவிட்டது.

நடுவர்களில் ஒருவர் உலோக விசிலை ஊதினார். அது உதட்டில் ஒட்டிக்கொண்டது. பிடித்து இழுத்தபோது தோலும் சேர்ந்து வந்தது. அதன் பின் நடுவர்கள் வாயால் கத்தியே ஆட்டத்தை நடத்தினார்கள். இசைக் குழுவின் வாத்தியங்கள் உறைந்தன. அந்தக் குழுவில் 7 பேரை ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தது. குளிர் தாங்காமல் முதியவர் ஒருவர் பார்வையாளர் வரிசையிலேயே உயிரிழந்தார்.

பழைய நண்பர்கள்

இரு அணிகளின் பயிற்சியாளர்களும் ஒருவரையொருவர் நன்கு அறிந்தவர்கள். பேக்கர்சின் வின்ஸ் லொம்பார்டியும், கவ்பாய்சின் டாம் லாண்ட்ரியும் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியில் ஒன்றாகத் துணைப் பயிற்சியாளர்களாக இருந்தவர்கள். லொம்பார்டி தாக்குதலைக் கவனித்தார். லாண்ட்ரி தற்காப்பைக் கவனித்தார். அதே ஆண்டு ஜனவரி முதல் தேதி டல்லாசில் நடந்த இறுதிப் போட்டியில், 34-27 என்ற கணக்கில் லொம்பார்டி ஜெயித்திருந்தார்.

இம்முறையும் பேக்கர்ஸ் 14-0 என்று முந்தியது. ஆனால் பனியில் பந்து கை நழுவியது. பேக்கர்ஸ் செய்த இரு தவறுகளால் கவ்பாய்சுக்கு 10 புள்ளி கிடைத்தது. பேக்கர்ஸ் அணியை நடத்திய பார்ட் ஸ்டார், பந்தை எறிவதற்கு முன்பே அன்று 8 தடவை வீழ்த்தப்பட்டார்.

கவ்பாய்சிலும் குளிர் ஒருவரைக் காட்டிக் கொடுத்தது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வென்ற பாப் ஹேய்ஸ் அந்த அணியில் இருந்தார். தன்னிடம் பந்து வராத வேளைகளில் அவர் கைகளைக் கால்சட்டைக்குள் செருகிக்கொள்வார். அதைப் பார்த்தே எதிரணி எச்சரிக்கை அடைந்தது!

கடைசிக் கால் பகுதியின் தொடக்கத்தில், டான் ரீவ்ஸ் ஓடுவதுபோல் போக்குக் காட்டி 50 கெஜம் எறிந்தார். லான்ஸ் ரென்ட்செல் பிடித்தார். கவ்பாய்ஸ் 17, பேக்கர்ஸ் 14.

கடைசி இரண்டு அடி

பேக்கர்சிடம் பந்து வந்தபோது ஐந்து நிமிடம்கூட இல்லை. போக வேண்டிய தூரம் 68 கெஜம். ஸ்டார் சிறுசிறு எறிகளாக அணியை நகர்த்தினார். அந்தப் பருவத்தின் நடுவில்தான் அணியில் சேர்ந்த சக் மெர்சீன், ஒருமுறை பந்தைப் பிடித்து 19 கெஜமும், மறுமுறை ஓடி 8 கெஜமும் சேர்த்தார்.

எல்லைக்கு அருகே டானி ஆண்டர்சன் இரு முறை ஓடிப் பார்த்தார். கால் வழுக்கியது. எல்லைக்கோடு இரண்டு அடி தூரத்தில் இருந்தது. பாக்கி 16 வினாடி. ஆட்டத்தை நிறுத்திக் கேட்கும் கடைசி வாய்ப்பும் தீர்ந்தது.

உதைத்து 3 புள்ளி எடுத்தால் சமன்; கூடுதல் நேரம் ஆடலாம். ஓடிப் பார்த்து எல்லைக்கு முன்பே மடக்கப்பட்டால், அடுத்த முயற்சிக்குள் நேரம் முடிந்துவிடும்; பட்டமும் போய்விடும். மற்றவருக்குக் கால் நிற்கவில்லை, தானே கொண்டுபோகிறேன் என்றார் ஸ்டார். லொம்பார்டி சம்மதித்தார்.

ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு எதிரணியின் ஆட்டப் படத்தைப் பார்த்தபோது, நெட்டையரான ஜெத்ரோ பியூ குனியாமல் எழுந்து நிற்பதை ஜெர்ரி கிரேமர் கவனித்திருந்தார். அந்த இடத்தில்தான் ஸ்டார் பாய்ந்தார். கிரேமரும் கென் பௌமனும் பியூவைத் தள்ள, ஸ்டார் எல்லைக்குள் விழுந்தார்.

பந்து தன்னிடம் வரும் என்று நினைத்து ஓடி வந்தவர் மெர்சீன். புகைப்படத்தில் அவர் இரு கைகளையும் உயர்த்தி நிற்கிறார். வெற்றிக் களிப்பு என்று பலர் நினைத்தார்கள். ஸ்டாரைப் பின்னாலிருந்து தள்ளினால் விதிமீறல். தான் தள்ளவில்லை என்று நடுவருக்குக் காட்டவே கையைத் தூக்கினார்!

பேக்கர்ஸ் 21, கவ்பாய்ஸ் 17. மிச்சம் 13 வினாடி.

பிறகு

தொடர்ந்து மூன்றாவது முறையாகப் பட்டம் வென்ற பேக்கர்ஸ், இரண்டு வாரம் கழித்து மியாமியில் "சூப்பர் பவுல்" ஆட்டத்திலும் 33-14 என வென்றது. அத்துடன் அந்த அணியின் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து லொம்பார்டி விலகினார். 1970-ல் 57-வது வயதில் காலமானார். இன்று சூப்பர் பவுல் வெல்லும் அணிக்குத் தரப்படும் கோப்பை அவர் பெயரைத் தாங்குகிறது. ஸ்டார் 2019-ல் மறைந்தார்.

தோற்றவர்களும் துவண்டுவிடவில்லை. லாண்ட்ரியின் கவ்பாய்ஸ் 1972-லும் 1978-லும் சூப்பர் பவுல் வென்றது.

3 புள்ளியோடு சமன் செய்திருந்தால் லொம்பார்டியை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஓடச் சொல்லித் தோற்றிருந்தால் பழி முழுவதும் அவர் தலையில்தான் விழுந்திருக்கும். அது தெரிந்தும், களத்தில் நின்றவரின் சொல்லை நம்பினார். அந்த நம்பிக்கைக்குக் கிடைத்த பரிசுதான் அந்த இரண்டு அடி.