தாது வருஷப் பஞ்சமும் தேக்கின் சாட்சியும்

தாது வருஷப் பஞ்சம் என்று நம் பெரியவர்கள் சொல்வது 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய பஞ்சத்தை. அப்போது ஆசியாவின் பெரும்பகுதியில் மழைமானியே கிடையாது. எங்கெங்கே மழை பொய்த்தது என்பதை இன்று சொல்பவை மரங்கள்.

இதற்காக மரத்தை வெட்ட வேண்டியதில்லை. உள்ளே குழலாக இருக்கும் துளைக்கருவியைக் கையால் திருகி, பட்டையிலிருந்து மையம் நோக்கி 5 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு குச்சி எடுப்பார்கள். உப்புத்தாளால் தேய்த்தால் வளையங்கள் தெளியும். நல்ல மழை என்றால் அகலம், வறட்சி என்றால் குறுகல். நம் பக்கத்து மரங்கள் பலவற்றில் தெளிவான வளையம் விழாது. தேக்கு விதிவிலக்கு. கோடையில் இலையுதிர்த்து ஓய்ந்துவிட்டு, மழை வந்ததும் துளிர்க்கும். அப்போது உருவாகும் பெரிய துளைகளின் வரிசைதான் புது ஆண்டின் எல்லை.

எண்ணினால் போதும் என்று நினைக்க வேண்டாம். கடும் வறட்சியில் வளையமே விழாமல் போகலாம். மழை விட்டுவிட்டுப் பெய்தால் ஒரே ஆண்டில் இரண்டு விழலாம். அதனால் பல மரங்களின் வரிசைகளை ஒப்பிட்டே ஆண்டைக் குறிக்கிறார்கள். இம்முறையை நிலைநாட்டிய அமெரிக்கர் டக்ளஸ் ஒரு வானியலாளர். சூரியப் புள்ளிகளின் சுழற்சியைத் தேடித்தான் அவர் மரங்களிடம் போனார்!

கேரளத் தேக்குகளிலிருந்து 1481 வரை பின்னோக்கிச் செல்லும் வளையத் தொடர் கிடைத்திருக்கிறது. மரவளைய ஆய்வாளர் எட்வர்டு குக் குழுவினர் ஆசியா முழுவதிலுமிருந்து 300-க்கும் மேற்பட்ட தொடர்களைத் திரட்டி, 700 ஆண்டுகளின் வறட்சி வரைபடத்தை 2010-இல் வெளியிட்டனர். தாது வருஷ வறட்சி அதில் பளிச்சென்று தெரிகிறது. அதைவிட நீண்டது 1756 முதல் 1768 வரை நீடித்த வறட்சி. புவி சூடாவதற்கு முன்பே பருவமழை இப்படி ஆண்டுக்கணக்கில் ஏமாற்றியிருக்கிறது. நூறு ஆண்டு மழைக்கணக்கை மட்டும் நம்பி அணையும் பாசனமும் திட்டமிடுவது ஆபத்து.

ஆனால் மரம் மழைக்குத்தான் சாட்சி, பட்டினிச் சாவுக்கு அல்ல. தாது வருஷத்தில் இந்தியாவிலிருந்து கோதுமை கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. நிவாரண வேலையில் மண் சுமந்த ஆணுக்கு ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த நாள்கூலி, ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும்.