ஓட்டிசமுள்ள பிள்ளைகளும் சித்திரக் கல்வியும்

ஓட்டிசமுள்ள பிள்ளைக்குச் சித்திரம் கற்பிப்பது எதற்காக? இவ்வினாவுக்கு இருவகை விடைகள் வழங்கி வருகின்றன. சித்திரத்தைப் பேச்சுக்கு ஏறிச்செல்லும் ஏணியாக மட்டுமே கொள்வோர் ஒரு சாரார். பேச்சு வந்ததும் ஏணியின் பயன் முடிந்தது என்பது அவர்தம் கருத்து. இத்தகைய பிள்ளையிடம் காணப்படும் வரைதிறன் இயற்கையின் கொடை, கற்பித்தல் அதனைக் கெடுத்துவிடும் என அஞ்சி விலகி நிற்போர் மறுசாரார். இவ்விரு விடைகளும் குறையுடையன என்பதை இங்கிலாந்திற் பிறந்த இருவரின் வரலாற்றைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஓட்டிசம் யாதென நோக்குவோம். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையிற் பணியாற்றிய லியோ கானர், 1943 இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இதனைத் தனியொரு நிலையாக உலகறியச் செய்தது. பிறரோடு உறவாடுதலிலும் கருத்துப் பரிமாற்றத்திலும் வேறுபாடு, மாற்றத்தை விரும்பாமை, ஒன்றிலேயே ஆழ்ந்திருத்தல், ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் என்பன இதன் இயல்புகள். இது வாழ்நாள் முழுவதும் தொடரும் வளர்ச்சி வேறுபாடு, குணப்படுத்தற்குரிய நோயன்று. தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்னும் கருத்தை 1967 இல் புரூனோ பெற்றல்ஹைம் தம் நூலில் வலியுறுத்தினார். இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்து ஃபோல்ஸ்ரைனும் ரட்டரும் 1977 இல் வெளியிட்ட முடிவு பரம்பரையின் பங்கைப் புலப்படுத்தியது. தாய்மார் மீது சுமத்தப்பட்ட பழி அதன்பின் படிப்படியாக வலுவிழந்தது.

இனி நாடியாவின் வரலாற்றுக்கு வருவோம். 1967 இல் நொட்டிங்ஹாமில், உக்ரேனிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவள் அவள். மூன்றரை வயதளவிற் குமிழ்முனைப் பேனையாற் குதிரைகளை வரையத் தொடங்கினாள். அவ்வயதிற் பிற பிள்ளைகள் வட்டமொன்றை இட்டு, அதிலிருந்தே கைகால்களை முளைக்கச் செய்து அதனை மனிதன் என்பர். நாடியாவோ பாய்ந்துவரும் குதிரையை, தொலைவுக்கேற்ப உறுப்புகள் சுருங்கித் தோன்றும் விதியும் பிறழாமல், உயிர்த்துடிப்போடு வரைந்தாள். படநூல்களிற் கண்டவற்றையே அவள் வரைந்தாள். ஆயின் நூலைத் திறந்து வைத்துப் பார்த்து எழுதவில்லை. நினைவிலிருந்து, பெரும்பாலும் கோணத்தையும் அளவையும் மாற்றி வரைந்தாள். அக்காலத்தில் அவளிடம் இருந்த சொற்களோ மிகச் சில.

உளவியலாளர் லோர்னா செல்ஃப் அவளை ஆராய்ந்து 1977 இல் நூல் வெளியிட்டார். இதற்கிடையே நாடியா சிறப்புப் பாடசாலையிற் சேர்ந்து ஓரளவு பேசக் கற்றாள். அவள் வரைதலோ குன்றத் தொடங்கியது. பேச்சைக் கொடுத்து மேதைமையைப் பறித்துவிட்டோமா என விமரிசகர் கேட்டனர். கருத்துருவங்கள் மனத்தில் இடம்பெறும்போது கண் கண்டதை அப்படியே பிடிக்கும் ஆற்றல் பின்னடைகிறது என்பது ஒரு விளக்கம். ஆயின் இதே ஆண்டுகளில் நாடியா தன் தாயையும் இழந்தாள் என்பதை மறத்தலாகாது. ஒரு பிள்ளையின் வாழ்வில் ஒருங்கே நேர்ந்த இரண்டு மாற்றங்களை வைத்து ஒன்று மற்றதற்குக் காரணம் எனத் துணிதல் ஆய்வுநெறியாகாது. 2015 இல் அவள் மறையும்வரை அவ்வரைதிறன் மீளவில்லை.

இவ்வினாவுக்கு எதிர்ச்சான்றாக அமைவது ஸ்ரீபன் வில்ற்ஷயரின் வரலாறு. 1974 இல் இலண்டனிற் பிறந்த அவருக்கு மூன்று வயதில் ஓட்டிசம் என அறியப்பட்டது. அப்போது அவர் பேசவில்லை. பாடசாலையில் அவருடைய வரைபொருள்களை ஆசிரியர்கள் சிறிதுநேரம் எடுத்து வைத்தனர் என்றும், அவற்றைக் கேட்க முயன்றபோது பிறந்த முதற்சொல் ‘கடதாசி’ என்பதன் ஆங்கிலச் சொல்லே என்றும் அவர்தம் வரலாறு கூறுகிறது. விருப்பப் பொருளை மறைத்துப் பேசவைக்கும் முறையை இன்று பலர் ஏற்கார். எனினும் இதிலுள்ள உண்மை நோக்கத்தக்கது: கேட்டுப் பெறத்தக்க பொருளொன்று அப்பிள்ளைக்கு இருந்தமையாலேயே கேட்பதற்குச் சொல்லும் தேவைப்பட்டது. ஒன்பது வயதளவிற் பேச்சு நன்கு வந்தது, வரைதல் குன்றவில்லை. பின்னர் ஓவியக் கல்லூரியிலும் முறையாகப் பயின்றார். 2005 இல் தோக்கியோ நகரை ஹெலிகொப்டரிலிருந்து பார்த்தபின் நினைவிலிருந்தே 10 மீற்றர் நீளத் திரையில் வரைந்தார். ஆகவே, மொழியும் வரைதலும் ஒன்றையொன்று அழிப்பன எனப் பொதுவிதி கூறல் இயலாது.

ஆயினும் ஓட்டிசமுள்ள பிள்ளைகளுள் இத்தகையோர் மிகச் சிலரே. மேதையரைத் தேடுவதற்காக நடத்தப்படும் வகுப்பு, ஏனைய பிள்ளைகளை மறந்துவிடும். சாதாரண வகுப்பாசிரியர் மனங்கொள்ள வேண்டியன சில.

முதலாவது, ஒழுங்கு. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஷொப்லர் 1972 முதல் வளர்த்த கற்பித்தல் முறை, செய்யவேண்டியதைப் படங்களால் வரிசைப்படுத்திக் காட்டுவதை வற்புறுத்துகிறது. கடதாசி எடுத்தல், நிறம் தெரிதல், வரைதல், தூரிகை கழுவுதல், முடிவு எனப் படங்கள் நிற்குமாயின், அடுத்து என்ன நேருமோ என்ற அச்சம் பிள்ளைக்குக் குறையும். இரண்டாவது, புலனுணர்வு. விரலில் ஒட்டும் தீந்தை ஒரு பிள்ளைக்குத் தாங்கொணாத் துன்பமாகலாம். அதனைக் குறும்பு எனக் கண்டியாது தூரிகையையோ நிறப்பென்சிலையோ கொடுத்தல் வேண்டும். மூன்றாவது, விருப்பம். நாள்தோறும் புகைவண்டியையே வரையும் பிள்ளையைத் தடுப்பதிற் பயனில்லை. அவ்வண்டிக்கு ஒரு நிலையத்தையும் பாலத்தையும் பயணியையும் சேர்க்குமாறு அழைத்தால், அவன் உலகம் அவன் வழியிலேயே விரியும். நான்காவது, கை. பிள்ளையின் கையைப் பிடித்து வரைவித்தால் கிடைப்பது ஆசிரியரின் சித்திரமே; அருகிலிருந்து தம் தாளில் வரைந்து காட்டுதலே தகும்.

பேச்சு பெருகுதலும் கவனம் நிலைத்தலும் சித்திர வகுப்பினால் விளையுமாயின் நன்றே. ஆயின் அவை விளையாத பிள்ளைக்கும் அவ்வகுப்பு உரியது. பேசும் பிள்ளை வரைந்தால் அதனைச் சித்திரம் என்றும், பேசாப் பிள்ளை வரைந்தால் சிகிச்சை என்றும் அழைக்கும் வழக்கத்தைக் கைவிடுதல் வேண்டும். தான் கண்ட உலகைத் தன் கையாற் பதிந்து பிறர்முன் வைக்கும் உரிமை இரு பிள்ளைகளுக்கும் ஒன்றே. அதனைப் பெற்றுக்கொடுப்பதே சித்திர ஆசிரியரின் முதற் கடமையாகும்.