சுற்றிப் போகும் ரயிலில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வழி கேட்டால் எவரும் பஸ்ஸைத்தான் சொல்வார்கள். திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் என்று கொல்லம் நெடுஞ்சாலை நேரே கொண்டுபோய் விட்டுவிடும். ரயில் அப்படியல்ல. தெற்கே விருதுநகர் வரை இறங்கி, அங்கிருந்து மேற்கே திரும்பி, திருத்தங்கல், சிவகாசி வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. தூரம் அதிகம்; வண்டிகளும் குறைவு. இருந்தாலும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் அடுத்திருக்கும் ராஜபாளையத்தையும் அறிய விரும்புகிறவர்கள் முதல் முறையாவது ரயிலில்தான் போக வேண்டும் என்பது என் கட்சி. ரயில் சுற்றிப் போகிறதே, அதுதான் காரணம்.

விருதுநகருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். இந்தச் சிறிய தூரத்துக்குள் மண்ணும் தொழிலும் இரண்டு மூன்று தடவை மாறிவிடுகின்றன. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கமே வாங்கிக்கொள்கிறது. மலையடிவாரத்துக்கு ஓடைகளும் சிற்றாறுகளுமாகக் கொஞ்சம் கிடைக்கிறது. கிழக்கே போகப் போக அதுவும் இல்லை. ரயில் பாதை இந்த வறண்ட பக்கத்தில் தொடங்கி, நிலத்தைக் குறுக்கே கடந்து மலையைப் பார்த்து ஓடுகிறது. விருதுநகரைச் சுற்றிலும் வானம் பார்த்த கரிசல். பருத்தியும் மிளகாயும் விளையும் பூமி. விளைச்சலை நம்ப முடியாத இடத்தில் வணிகம் தழைத்தது. அடுத்து சிவகாசி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து இங்கே தொடங்கினார்கள். குச்சியும் மருந்தும் காய வறண்ட காற்று வேண்டும். வேலைக்கு, நிலம் கைவிட்ட மக்கள் வேண்டும். இரண்டும் இங்கே இருந்தன. சிவகாசியைத் தாண்டியதும் கண்மாய்களும் தென்னந்தோப்புகளும் தென்படத் தொடங்கும். எதிரே தொடுவானத்தில் நீலக்கோடாக இருந்த மலை சிறிது சிறிதாக உருவெடுக்கும்.

இப்படி வந்து இறங்குகிறவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வேறு மாதிரி புரியும். 192 அடி உயரமுள்ள 11 நிலை கோபுரத்தை எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். தமிழ்நாடு அரசின் முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரமே என்பது ஊர்க்காரர்களின் பெருமை. அது வடபத்ரசாயி சன்னதியின் கோபுரம். ஆண்டாள் சன்னதி பக்கத்தில் தனியாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள நந்தவனத்தில்தான், ஒரு துளசிச் செடியின் அடியில், பெரியாழ்வார் குழந்தை ஆண்டாளைக் கண்டெடுத்தார் என்கிறது மரபு. இந்த ஊரின் உயிர் அந்த நந்தவனத்தில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். பெரியாழ்வார் பூப்பறித்து மாலை கட்டிய அடியவர். ஆண்டாள் அந்த மாலையைச் சூடிக் கொடுத்தவள். இன்றும் புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்கும், சித்திரைத் திருவிழாவுக்கு மதுரையில் கள்ளழகருக்கும் இங்கிருந்து மாலை போகிறது. மாலைக்குப் பூ வேண்டும், பூவுக்கு நீர் வேண்டும். திருமுக்குளமும் சுற்றுவட்டாரக் கண்மாய்களும் இல்லாமல் இந்த பக்திக் கதை இந்த மண்ணில் வேர்விட்டிருக்காது. பால்கோவாவுக்கும் இதே கணக்குதான். பாலும் சர்க்கரையும் தவிர அதில் எதுவும் இல்லை. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மாட்டுக்குப் புல்லும் தண்ணீரும் உள்ள ஊர்தான் பாலைக் காய்ச்சிச் சுண்டவைத்து வெளியூருக்கு விற்க முடியும். ஒரு மணி நேரத்துக்கு முன் கரிசலைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

“கோயிலைப் பார்த்தாயிற்று, ராஜபாளையத்தில் என்ன இருக்கிறது?” என்று கேட்பவர்கள் உண்டு. வழியில் பார்த்த கரிசல் பருத்திக்கு அங்கேதான் பதில் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் இது ஆலை ஊர். விருதுநகர் – தென்காசி ரயில் பாதை 1927-இல் வந்தது; பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். ரயில் வந்ததால்தான் ஆலை வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். தெலுங்கு நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன்பே வந்து குடியேறிய ராஜுக்களின் உழைப்பும் முதலும் அதன் பின்னே இருக்கின்றன. ஆனால் நூற்பாலை ஊருக்கு ரயில் எத்தனை பெரிய துணை என்பதில் சந்தேகமில்லை. பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்ட எத்தனையோ பேருக்கு அந்த ஊரின் பெயர்கூடத் தெரியாது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா ராஜபாளையத்துக்காரர். தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டவர். பதவியில் இருந்தவர்களின் நினைவிடங்களைத் தேடிப் போகும் நாம் இந்த வீட்டைத் தவறவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. கோடையில் வருகிறவர்களுக்குச் சப்பட்டை மாம்பழம் தனி வரவேற்பு.

ரயிலுக்கு எதிராகச் சொல்லப்படுவதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. சென்னையிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் பொதிகை எக்ஸ்பிரஸில் வருகிறார்கள். விடியும் நேரத்தில் இறங்கிவிடுவதால், நான் சொன்ன நிலக்காட்சி முழுவதும் இருட்டிலும் தூக்கத்திலும் கழிந்துவிடும். அவர்கள் திரும்பும்போதாவது பகல் வண்டியில் விருதுநகர் வரையோ மதுரை வரையோ வந்து, அங்கிருந்து சென்னைக்கு வண்டி பிடிக்கலாம். மலையிலிருந்து கரிசலுக்கு இறங்கினாலும் பாடம் அதேதான். நேரம் வீணாகிறதே என்பவர்களுக்கு என் பதில் வேறு. ஆண்டாளைச் சேவித்துவிட்டு உடனே ஊர் திரும்ப வேண்டியவர்கள் பஸ்ஸிலேயே போகட்டும், அது குறையல்ல. ஊரைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஓர் இரவாவது தங்காமல் இந்த இரண்டு ஊர்களும் பிடிபடாது. ஓர் இரவு தங்குகிறவருக்கு ரயிலில் கூடும் நேரம் பெரிதல்ல.

ஸ்ரீவில்லிபுத்தூர் ரயில் நிலையம் கோயிலிலிருந்து தள்ளி இருக்கிறது என்பதுதான் வலுவான ஆட்சேபம். வயதானவர்களுக்கும் பெட்டி படுக்கையோடு வருகிறவர்களுக்கும் அது உண்மையான சிரமம். செங்கோட்டை – புனலூர் அகலப்பாதை 2018-இல் முடிந்து, கொல்லம் வண்டிகளும் இந்தப் பாதையில் ஓடுகின்றன. ஆகவே ஒவ்வொரு வண்டி வரும் நேரத்துக்கும் நிலைய வாசலில் ஒரு டவுன் பஸ் நிற்க வேண்டும் என்று கேட்பது பேராசையாகாது. இதற்கிடையே பயணத்தை ஒரே நிலையத்தில் தொடங்கி அங்கேயே முடிக்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. இரண்டு ஊர்களுக்கும் இடையே பஸ்கள் அடிக்கடி ஓடுகின்றன. காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி ஆட்டோவில் கோயிலுக்குப் போய்விட்டால், மறுநாள் ராஜபாளையத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே வண்டி ஏறலாம். திரும்பும் டிக்கெட்டை முன்பதிவு செய்யும்போது புறப்படும் இடத்தில் ராஜபாளையம் என்று போட்டால் போதும்.