எக்செல் பூஜ்ஜியத்தை விழுங்குவது ஏன்?

நாமக்கல்லின் தொலைபேசிக் குறியீடு 04286. லாரி அலுவலகப் பட்டியலில் அதைத் தட்டினால், எக்செல் கட்டத்தில் 4286 மட்டுமே நிற்கும். ஏன்? இலக்கங்கள் மட்டும் இருந்தால் எக்செல் வழக்கமாக அதை எண்ணாகவே கொள்ளும். எண்ணின் முன்னுள்ள பூஜ்ஜியத்துக்கு மதிப்பில்லை. மேலும், ஓர் எண்ணில் முதல் 15 இலக்கங்களையே அது காக்கும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்ஜியமாகிவிடும்.

தடுப்பது எப்படி? தட்டுவதற்கு முன்பே கட்டங்களின் வடிவமைப்பை 'டெக்ஸ்ட்' என மாற்ற வேண்டும். அல்லது எண்ணுக்கு முன் ஒற்றை மேற்கோள் குறி இட வேண்டும். பின்னர் மாற்றினால், இழந்த இலக்கம் திரும்பாது.

எழுத்தாக வைத்த எண்களை 'சம்' சூத்திரம் கூட்டாது. எனவே முட்டை விலை, லாரி வாடகை போன்ற கணக்குகளை எண்ணாகவே விட வேண்டும்.