முகம் அறிதல் பழக்கமே

பால்மரம் வெட்டுவோருக்குத் தம் நிரையின் ஒவ்வொரு மரமும் தனித்தனியே தெரியும். வெளியாருக்கோ எல்லாம் ஒன்றுபோல் தோன்றும். முகங்களும் அவ்வாறே. பாலோவில் தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் அருகருகே வாழ்ந்தும், பிற இனத்தார் யாவரும் ஒரே சாயல் என்று கூறுவோர் உளர். குறை அம்முகங்களில் இல்லை. நம் பழக்கத்தில் உள்ளது.

கொரியாவில் பிறந்து, 3 முதல் 9 வயதுக்குள் பிரெஞ்சுக் குடும்பங்களால் தத்தெடுக்கப்பட்டோர், வளர்ந்தபின் கொரிய முகங்களைவிட வெள்ளையர் முகங்களையே நன்கு நினைவிற்கொண்டனர் என 2005-இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

ஆதலின் பிள்ளைகளைப் பிற இனத்தாரோடு பழகவிடுங்கள். காவல் நிலையத்தில் ஒருவரை அடையாளம் காட்ட நேரின், ஐயமிருந்தால் 'உறுதியில்லை' என்றே கூறுங்கள். தவறிய அடையாளம் குற்றமற்றவரைச் சிறையில் தள்ளக்கூடும்.