வயிற்றைக் கலக்கும் நோய்க்குத் தொலைபேசியில் சிகிச்சை

பயந்தால் வயிற்றைக் கலக்குகிறது என்கிறோம். கெட்ட செய்தி வந்தால் வயிற்றில் புளியைக் கரைத்தது என்கிறோம். ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களுக்கு இது வெறும் பேச்சுவழக்கு இல்லை, அன்றாடப் பாடு. சோதனைகள் எல்லாம் "நார்மல்" என்று வரும். வலியும் வயிற்றுப்போக்கும் மலச்சிக்கலும் நின்றபாடில்லை.

குடலில் புண் இல்லை. குடலுக்கும் மூளைக்கும் இடையே போய்வரும் நரம்புச் சேதிகள் மிகையாகிவிடுகின்றன. சாதாரண வாயு அசைவுகூட வலியாக உறைக்கிறது. பதற்றம் குடலை முடுக்க, முடுக்கப்பட்ட குடல் பதற்றத்தைக் கூட்டுகிறது. இந்தச் சுழலை உடைக்க மனச்சிகிச்சை என்றதும் "எல்லாம் பிரமை என்கிறீர்களா?" என்று நோயாளி மனம் நோக வேண்டாம். வலி நிஜம்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை இருந்தால் முதலில் வேறு நோய் இல்லை என்று உறுதிசெய்தாக வேண்டும்.

ஓராண்டு மருந்துக்கும் அடங்காதவர்களை உளவியல் சிகிச்சைக்கு அனுப்பலாம் என்று இங்கிலாந்தின் வழிகாட்டுதல் 2008லேயே சொன்னது. அனுப்பத்தான் போதிய சிகிச்சையாளர்கள் இல்லை. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகமும் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் இதற்கு வழி தேடி, 558 பேரிடம் 'ஆக்டிப்' என்ற ஆய்வை நடத்தின. ஒரு பிரிவினருக்குத் தொலைபேசியில் மொத்தம் 8 மணி நேரச் சிகிச்சை. இன்னொரு பிரிவினருக்கு இணையப் பாடங்களும் இரண்டரை மணி நேரத் தொலைபேசிப் பேச்சும். மற்றவர்களுக்கு வழக்கமான மருத்துவம் மட்டும்.

அந்தப் பேச்சில் என்ன நடக்கும்? ரயிலில் போகும் நாளில் காலை உணவைத் தவிர்ப்பது, கதவோரமே உட்காருவது, போகிற இடமெல்லாம் கழிப்பறையைத் தேடி வைப்பது: இவை நோயைக் காக்கும் வேலிகள். எப்போது வலித்தது, அப்போது என்ன நினைத்தோம் என்று நோயாளிகள் குறிப்பேட்டில் எழுதுவார்கள். பிறகு ஒவ்வொரு வேலியாகப் பிரிப்பார்கள். ஒரு நாள் சாப்பிட்டுவிட்டே ரயிலேறிப் பார்ப்பதும் சிகிச்சைதான்.

ஈராண்டு கழித்துத் தொலைபேசிப் பிரிவில் 71 சதவீதம் பேருக்கும், இணையப் பிரிவில் 63 சதவீதம் பேருக்கும் குறிப்பிடத்தக்க நிவாரணம், மற்றவர்களில் 46. அதுவரை தொடர்பில் இருந்தவர்கள் 58 சதவீதமே என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனாலும் இரண்டரை மணி நேரப் பேச்சுக்கு இவ்வளவு பலன் என்பதை நான் பெரிதாகவே மதிக்கிறேன். வீட்டை விட்டு இறங்கவே அஞ்சுகிறவரை வாரந்தோறும் மருத்துவமனைக்கு அழைப்பது எப்படி? தொலைபேசி என்றால், நடுவில் எழுந்து கழிப்பறைக்குப் போய்வந்தும் பேச்சைத் தொடரலாம்.