40 நியூட்டனும் ஒரு கட்டைவிரலும்

பொங்கலுக்கு உளுந்தூர்பேட்டைப் பக்கத்துக் களமருதூர் வந்து ஊர் திரும்பும் வண்டிகளில் சிலவற்றின் பின்சீட்டில் இப்போது குழந்தை இருக்கை இருக்கிறது. கரும்புக்கட்டு, அரிசி மூட்டை, முறுக்குத் தூக்கு எல்லாம் ஏறியாயிற்று. மூன்றரை வயதுப் பிள்ளை மட்டும் அம்மாவின் கையைத் தள்ளிவிட்டு, “நானே போடறேன்” என்கிறது. “போடட்டும் விடும்மா, ஒரு நிமிஷத்துல என்ன ஆயிடப் போவுது” என்கிறார் கதவோரம் நிற்கும் ஆயா. உளுந்தூர்பேட்டையில் பெரிய சாலை ஏறுவதற்குள் நெரிசல் சேர்ந்துவிடுமே என்பது அப்பாவின் கவலை. பிள்ளை இரண்டு உலோக நாக்குகளையும் பூட்டுக்குள் திணித்துப் பார்க்கிறது. இறங்கவில்லை. அழுகை தொடங்குகிறது.

அந்தப் பூட்டு பிள்ளையை அழவைப்பதற்குக் காரணம் உண்டு. அதன் ஒவ்வொரு பிடிவாதத்துக்குப் பின்னாலும் யாரோ யோசித்து எழுதிய விதி இருக்கிறது.

குழந்தை இருக்கையின் பட்டைகள் ஐந்து: தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, தொடைகளுக்கு நடுவே ஒன்று. இடப்பக்கத் தோள் பட்டையும் இடுப்புப் பட்டையும் ஓர் உலோக நாக்கில் சேர்கின்றன, வலப்பக்கமும் அப்படியே. பெரும்பாலான இருக்கைகளில் இந்த இரண்டு நாக்குகளையும் முதலில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து, பிறகு சேர்த்தே நடுப்பட்டையின் பூட்டில் இறக்க வேண்டும். உள்ளே வில்லின் அழுத்தத்தில் காத்திருக்கும் சிறு தாழ், நாக்கின் துளையில் விழுந்ததும் “டிக்” என்று ஒலி கேட்கும். தனித்தனியாகவே பூட்டிக்கொள்ளும்படி செய்திருக்கலாமே என்று தோன்றும். கூடாது என்கிறது ஐரோப்பாவில் பிறந்து பல நாடுகள் ஏற்றுக்கொண்ட ஐ.நா. 44ஆம் ஒழுங்குவிதி. பூட்டு அரைகுறையாக மூடிய நிலையில் நிற்கக் கூடாது. எல்லாப் பாகங்களும் சேர்ந்தால்தான் அது பூட்ட வேண்டும். ஒரு நாக்கு மட்டும் தனியாக மாட்டிக்கொள்ளுமானால், ஒரு தோள் கட்டப்படாமலே பயணம் போகும். பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே படும். இந்தியாவின் ஏஐஎஸ் 072 தரவிதியும் இந்த ஐரோப்பிய விதியை ஒட்டி எழுதப்பட்டதுதான்.

பூட்டைத் திறக்கும் சிவப்புப் பொத்தானுக்கும் கணக்கு இருக்கிறது. ஐரோப்பிய விதிப்படி, இழுவிசை ஏதும் இல்லாதபோது அதை அழுத்தித் திறக்க 40 முதல் 80 நியூட்டன் விசை தேவைப்பட வேண்டும். சுமார் 100 கிராம் எடை கீழே அழுத்தும் விசைதான் ஒரு நியூட்டன். ஆகவே 40 நியூட்டன் என்பது ஒரே கட்டைவிரலில் நான்கு கிலோ பாரத்தை வைத்து அமுக்குவதற்குச் சமம். இந்த எண் எளிதில் கிடைத்துவிடவில்லை. அமெரிக்காவில் முன்பு இருந்த வரம்பு 53 முதல் 89 நியூட்டன். அது பெற்றோரின் விரல்களுக்கே கடினமாக இருந்தது. நெருப்போ நீரோ சூழும்போது தாயால் திறக்க முடியாத பூட்டால் என்ன பயன்? 1985இல் அங்கே வரம்பை 40 முதல் 62 நியூட்டனாகக் குறைத்தார்கள். சிறு பிள்ளையின் விரல் தோற்க வேண்டும், தாயின் விரல் வெல்ல வேண்டும். அந்தக் குறுகிய இடைவெளியில் உட்கார்ந்திருக்கிறது பொத்தானின் வில்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்: இந்தக் கடினம் திறப்பதற்கு மட்டுமே. மூடுவதற்குப் பெரிய விசை எதுவும் வேண்டாம். நாக்கு சரியான கோணத்தில் வந்தால் பிள்ளையின் கை தள்ளினாலே இறங்கிவிடும்.

வீட்டில் பிள்ளை பழகும் மற்றப் பல பொருள்களில் நிலைமை தலைகீழ். சட்டைப் பொத்தானைக் கழற்றுவது எளிது, மாட்டுவது கடினம். செருப்பின் வாரும் அப்படியே. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி இதை நுட்பமாகக் கவனித்தவர். 1939இல் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் மகன் மரியோவுடன் சென்னைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தொடங்கினார்; அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதால் ஊர் திரும்ப வழியின்றி, கொடைக்கானல் உட்பட இந்த மண்ணிலேயே 1946 வரை தங்க நேர்ந்தது. அவருடைய பள்ளிகளில் ‘உடுத்தும் சட்டகம்’ என்று ஒன்று உண்டு. மரச் சட்டத்தில் இரண்டு துணிகள். நடுவே ஒன்றில் பெரிய பொத்தான், ஒன்றில் நாடா முடிச்சு, ஒன்றில் பக்கிள். ஒரு சட்டகத்தில் ஒரே வேலை. ஆசிரியர் மெதுவாக, பேசாமல் செய்து காட்டுவார். முதலில் அவிழ்ப்பது, பிறகு மாட்டுவது.

கார் இருக்கையில் இந்த வரிசையை நாம் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. மூடுவதைப் பிள்ளை முதலில் கற்கும். திறப்பதை ஓரிரண்டு ஆண்டு கழித்துக் கற்றால் போதும்.

சட்டகத்துக்கும் இருக்கைக்கும் இன்னொரு வித்தியாசமும் உண்டு, பிள்ளையின் அழுகைக்குப் பெரும் காரணம் அதுதான். சட்டகம் மேசையின் மேல், கண்ணுக்கு நேரே இருக்கிறது. பூட்டோ வயிற்றுக்குக் கீழே, மோவாய்க்கு அடியில் ஒளிந்திருக்கிறது. மேலிருந்து எட்டிப் பார்த்தால் பூட்டின் வாய் சரியாகத் தெரியாது; குனிந்தால் தோள் பட்டை தடுக்கும். ஆகவே பிள்ளை பாதி வேலையைக் கண்ணால் செய்கிறது, மீதியை விரல்களின் தொடுவுணர்வால் செய்ய வேண்டியிருக்கிறது. அதோடு இரண்டு கைகளும் இரண்டு வேறு வேலைகளைப் பார்க்க வேண்டும்: ஒரு கை ஒரு நாக்கை அசையாமல் பிடிக்க, மறு கை மற்றொன்றைக் கோக்க. பிறகு ஒரு கை பூட்டைத் தாங்க, மறு கை தள்ள. மூளையின் இடப்பாதியையும் வலப்பாதியையும் இணைக்கும் நரம்புக் கற்றை குழந்தைப் பருவம் முழுவதும் முதிர்ந்துகொண்டே போவது. விரல்களைத் தனித்தனியே இயக்கும் நரம்புப் பாதையும் அப்படித்தான். ஒன்பது, பத்து மாதத்தில் தரையில் கிடக்கும் பொரியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் எடுக்கத் தொடங்கிய அதே கை, நாக்கு கோக்கும் நிலைக்கு வர இன்னும் ஆண்டுகள் பிடிப்பதில் வியப்பில்லை. பிள்ளைக்குப் பிள்ளை இது மாறும். மூன்று வயதில் ஒன்று சட்டென்று செய்துவிடும். ஐந்து வயதிலும் ஒன்று தடுமாறும். இரண்டும் இயல்பு.

களமருதூர்ப் பிள்ளைக்கு இதில் ஒரு சாதகம் இருக்கிறது. ஆயாவின் மடியோரம் உட்கார்ந்து முறத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) உடைத்துப் பழகிய விரல்கள் அவை. ஒரு கை பிடித்திருக்க மறு கை அழுத்துவது, ஓடு எங்கே விட்டுக்கொடுக்கும் என்பதைப் பாராமலே தடவி அறிவது, இரு கட்டைவிரல்களையும் சேர்த்து அமுக்குவது: பூட்டு கேட்கும் பயிற்சி எல்லாம் அந்த முறத்திலேயே கிடைத்துவிடுகிறது. பூத் தொடுப்பதும் புளியங்கொட்டை பொறுக்கி ஆடுவதும் இதே கணக்கில் சேரும்.

சொல்லிக்கொடுப்பது எப்படி? உளவியலாளர்கள் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் 1976இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் 30 பேரிடம் ஒன்றோடொன்று பொருந்தும் 21 மரத்துண்டுகளைக் கொடுத்து ஒரு பிரமிடு கட்டச் சொன்னார்கள். உடனிருந்து உதவியவர் பிள்ளையால் முடிந்த பகுதியைப் பிள்ளையிடமே விட்டார். முடியாத பகுதியைத் தாங்கிப் பிடித்தார். பிள்ளை தேறத் தேறத் தாங்கலை விலக்கினார். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது போன்ற இந்த உதவிக்குச் ‘சாரம்’ என்றே அவர்கள் பெயர் வைத்தார்கள்.

இருக்கைக்கு இதைப் பொருத்தினால், கடைசிப் படியிலிருந்து தொடங்குவதே நல்லது. நாக்குகளை நீங்கள் கோத்து, பூட்டின் வாயில் பாதி இறக்கி வைத்துவிட்டு, “இப்ப நீ தள்ளு” என்று சொல்லுங்கள். “டிக்” என்ற ஒலி பிள்ளையின் கையால் வருகிறது. வேலை முடிந்த பெருமையும் அதற்கே. அது கை வந்ததும், நாக்குகளைக் கோத்து மட்டும் கொடுங்கள். பூட்டின் வாயைப் பிள்ளையே தேடட்டும். அதன் பிறகு கோப்பதையும் விட்டுவிடுங்கள். எது கீழே, எது மேலே என்பது மறந்துபோகும், அதனால் அண்ணன் நாக்கு, தம்பி நாக்கு என்று பெயர் வைத்தால் நினைவில் நிற்கும். கைகளைத் தோள் பட்டைக்குள் நுழைப்பது கடைசியாகக் கற்க வேண்டிய முதல் படி. செயல்முறைச் சிகிச்சையாளர்கள் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்), உடற்குறை உள்ள பிள்ளைகளுக்கு உடுத்தவும் உண்ணவும் பழக்கும்போது கையாளும் பின்னிருந்து முன்செல்லும் முறை இதுவே. கிளம்பும் அவசரத்தில் இதைப் பழக்க முடியாது. இருக்கையைக் கழற்றித் திண்ணையில் வைத்து, பொம்மையை உட்காரவைத்து ஆடவிடுங்கள். ஒரு பெரியவர் மட்டும் பக்கத்திலேயே இருக்க வேண்டும், பட்டை கழுத்தில் சிக்கக் கூடாது.

பூட்டுவது வரைதான் பிள்ளையின் வேலை. இறுக்குவது பெரியவர் வேலை. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மோதி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டை பிள்ளையின் உடலை அரை மீட்டர் தூரத்துக்குள் நிறுத்தினால், அந்த நொடித் துணுக்கில் உடல்மேல் விழும் விசை அதன் எடையைப்போல் ஏறக்குறைய 20 மடங்கு. 15 கிலோ பிள்ளைக்கு அது 300 கிலோ பாரம். அதைத் தோள், நெஞ்சு, இடுப்பு எலும்பு என்று உறுதியான இடங்களில் பிரித்துக் கொடுப்பதற்குத்தான் ஐந்து பட்டைகள். பட்டை தொளதொளவென்று இருந்தால், வண்டி நிற்கத் தொடங்கிய பிறகும் பிள்ளை பழைய வேகத்திலேயே முன்னே போகும்; பட்டை பிடிக்கும்போது நிற்பதற்கான தூரம் சுருங்கிப்போயிருக்கும், விசை ஏறிவிடும். ஆகவே தோள் எலும்புக்கு அருகே பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு பிடிபட்டால் இன்னும் இறுக்க வேண்டும். முன்சீட்டில் மடியில் வைத்து அணைத்துக்கொண்டால் போதும் என்று இன்னும் நம்புகிற வீடுகள் இருக்கின்றன. அந்த 300 கிலோவைப் பிடித்து நிறுத்தும் கை எந்தத் தாய்க்கும் இல்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயது நிரம்பாத பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1000 ரூபாய் அபராதம் என்கிறது. அபராதத்தைவிட அந்தப் பெருக்கல் கணக்கு என்னை அதிகம் உலுக்குகிறது.

நம் ஊர்க் கோடைக்கென்று ஒரு சொல். அக்கினி நட்சத்திர வெயிலில் நிறுத்திய வண்டியில் அந்த உலோக நாக்கு தோலைச் சுட்டுவிடும். ஒருமுறை சுட்டால் பிள்ளை பிறகு அதைத் தொடவே அஞ்சும். இருக்கைமேல் வெளிர்நிறத் துண்டைப் போட்டு மூடிவிட்டு இறங்குங்கள். முறுக்குத் துகளும் கடலைமிட்டாய்ப் பாகும் பூட்டுக்குள் போனாலும் தாழ் சரியாக விழாது. ஒலி மந்தமாகக் கேட்டால் அதைச் சந்தேகிக்க வேண்டும். எண்ணெய் விடாதீர்கள், அது தூசியைச் சேர்க்கும். இருக்கையோடு வந்த கையேடு சொல்லும் முறையில் கழுவுங்கள்.

உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைச்சாலை எங்கும் பிள்ளைகள் அதிகம் போவது இருசக்கர வண்டியில். அதற்கும் விதி வந்திருக்கிறது. 2022 பிப்ரவரி 15 அன்று அறிவிக்கப்பட்டு ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்த அந்த விதிப்படி, நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புக் கச்சை வேண்டும். அது 30 கிலோ தாங்க வேண்டும். ஒன்பது மாதம் முதல் பிள்ளைக்குத் தலைக்கவசம் வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. சந்தையில் கிடைக்கும் பல கச்சைகளில் பள்ளிப் பையில் இருப்பதுபோல் இரு பக்கமும் அமுக்கித் திறக்கும் பிளாஸ்டிக் கொக்கி. பிள்ளையின் விரலுக்கு அது எளிது, அதனாலேயே கவலையும் கூடுதல். அதைப் பூட்டப் பிள்ளையை விடலாம்; பூட்டியதை இழுத்துப் பார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது.

திறக்கும் பாடத்துக்கு இனி வரலாம். விரல் வலுத்து, “வண்டி நின்ற பிறகுதான்” என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளும் வயது வந்ததும் அதையும் கற்பித்தே ஆக வேண்டும். பூட்டிய காருக்குள் பிள்ளைகள் மாட்டிக்கொண்டு வெப்பத்தில் உயிரிழப்பது இந்த நாட்டில் நடந்திருக்கிறது. பட்டையை அவிழ்த்து, முன்னே வந்து, ஹாரனை விடாமல் அழுத்தத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு வழி இருக்கிறது.

திறக்க வேண்டியவர் எப்போதும் பிள்ளையோ தாயோ அல்ல; பூட்டின் பொத்தான் சிவப்பாக இருப்பது விபத்தில் உதவ ஓடிவரும் வேற்று மனிதருக்காகவும்தான். பூட்டில் வேறெந்தப் பாகமும் சிவப்பாக இருக்கக் கூடாது, ஒரே பொத்தானில் ஒரே அழுத்தத்தில் பிள்ளை விடுபட வேண்டும், மோதல் சோதனைக்குப் பிறகும் 80 நியூட்டனுக்குள் அது திறந்தாக வேண்டும் என்றெல்லாம் ஐரோப்பிய விதி சொல்கிறது. திருச்சி சாலையிலோ சேலம் சாலையிலோ விபத்து நடந்தால் முதலில் ஓடி வருபவர்கள் டீக்கடைக்காரரும், கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர்காரரும், வயலில் நிற்பவர்களும்தான். குழந்தை இருக்கையை அவர்கள் அதற்கு முன் பார்த்தே இருக்க மாட்டார்கள். நெருப்போ புகையோ இல்லாதபோது பிள்ளையை அவசரமாக வெளியே இழுக்க வேண்டாம். தலையும் கழுத்தும் அதிகம் அசையாமல் இருக்க அந்த இருக்கையே உதவும், 108 வரும்வரை அப்படியே விடலாம். எடுத்தே ஆக வேண்டுமென்றால், நடுவில் இருக்கும் சிவப்பைக் கட்டைவிரலால் பலமாக, ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும்.